தழை வெச்சுப் பாத்தா தெரியும்

வாசம் வருதுங்களா தம்பி? மல்லித்தழைதானுங்க. ரண்டு கட்டு. வெயில்ல வாடிப் போயிரக் கூடாதுன்னு ஈரத்துணி சுத்தி வெச்சிருக்கேன். உங்க பேண்ட்டுல ஈரம் பட்டுருச்சுங்களா? இருங்க, காலுக்கடியில வெச்சுக்கறேன். அந்த இன்னொரு பையை நீங்க தொடாதீங்க, கனமா இருக்கும். அதுல இரும்புச் சாமானம் கெடக்குது. நானே நகத்திக்கறேன். நீங்க சன்னலோரமே உக்காருங்க, காத்தாட இருக்கும். நான் இக்கட்ட உக்காந்துக்கறேன்.

உடுமலைங்களா? நல்லதாப் போச்சு, நானும் உடுமலைதான். அங்கிருந்து டவுன் பஸ் புடிச்சுக் கொமரலிங்கம் போகோணும். உக்கடத்துல ஏறினா ரண்டு மணி நேரம், பேசீட்டே போயிரலாம்.

சமையலுக்கு இல்லீங்க. மொசலுக்கு. ஆமாங்க, முயல்தான். மொசலுன்னு சொன்னா கோயமுத்தூர்ல பத்துப் பேர்ல எட்டுப் பேரு கறி எப்பிடியிருக்கும்னுதான் கேப்பான். நீங்க கேக்கல. நல்ல மனுசனுங்க. கேட்ட ஒருத்தனை டீக்கடையில வெச்சு, சுடுதண்ணி பாய்லர்கிட்டக் கொண்டுபோயி... அதை விடுங்க. அது பழைய கதை.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. கணபதியில மோட்டார் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கேன். ஆறு வருசமா மொசலுகளக் காப்பாத்தறதுதான் ஞாயித்துக்கெழமை சோலி. நாங்க ஒம்பது பேரு ஒரு குரூப்புங்க. ஆராச்சும் போன் பண்ணுவாங்க, பக்கத்தூட்டு மாடியில ஒரு மொசலு தண்ணியில்லாமக் கெடக்குதுன்னு. போயி எடுத்துட்டு வருவோம். புண்ணுக்கு மருந்து போட்டுத் தேத்துவோம். அப்பறம் நல்ல ஊடாப் பாத்துத் தத்துக் குடுப்போம். குடுப்போம்னு சொல்றேன் பாருங்க. குடுத்துட்டிருந்தோம். இப்ப நான் அந்தக் குரூப்புல இல்லீங்க. ஒம்பது வாரமாச்சு.

எப்பிடி இதுல வந்தேன்னு கேக்கறீங்களா? கேக்கலைன்னாலும் சொல்றேன்.

எங்க ஊட்டுக்கு எதுத்த மாடியில ஒருத்தன் குடியிருந்தான், ஏதோ கம்பெனியில மேனேசரு. பொருட்காட்சியில மகனுக்கு ரண்டு மொசக்குட்டி வாங்கிக் குடுத்திருக்கான். அந்தப் பையன் நாலு நாள் வெளையாடினான், சலிச்சுப் போச்சு. கூண்டோட தூக்கி மொட்டை மாடியில தகர ஷீட்டுக்கடியில வெச்சுட்டாங்க. சித்திரை மாசமுங்க. என்ற பொண்ணு தாரணிதான் அதைப் பாத்துட்டு வந்து சொல்லுச்சு. அப்ப அதுக்கு அஞ்சு வயசு. என்கிட்டச் சொல்லலீங்க, அவ அம்மாகிட்டச் சொல்லுச்சு. நான் கதவுக்கு அக்கட்ட நின்னு கேட்டேன்.

மேல ஏறிப் பாத்தா ஒண்ணு செத்து ரண்டு நாள் ஆயிருக்கும். உசுரோட இருக்கறது செத்தது மேல ஏறி உக்காந்திருக்குது. கம்பி சூடு பொறுக்க முடியாம அது மேல உக்காந்திருக்குதுங்க. எனக்குக் கண்ணு ரண்டும் இருட்டிக்கிட்டு வந்துச்சு. கீழ வந்து கதவைத் தட்டினேன். லுங்கியோட வந்தான், என்னங்கன்னான். ஒரே அறை. பல்லு ஒண்ணு தெறிச்சுச் செருப்பு ஸ்டாண்டுல போயி விழுந்துச்சு. சட்டையப் புடிச்சு மாடிக்கு இழுத்துட்டுப் போயி, அந்தக் கூண்டு மேல அவன் உள்ளங்கையை வெச்சு அமுத்தினேன். சூடு தெரியுதாடான்னு கேட்டேன். தெரியுதுன்னு கத்தினான். பத்து எண்ணற வரைக்கும் நான் கையை எடுக்கல.

அடிக்கறது தப்புதானுங்க. நான் இல்லைங்கல. ஆனா வாயில்லாத சீவன் பாருங்க. அதுக்குன்னு ஆராச்சும் இருக்கோணுமில்லீங்களா?

அதை எவனோ போன்ல படம் புடிச்சுட்டான். அதைப் பாத்துட்டுத்தான் எஸ்தர் மேடம் எங்க ஊட்டுக்கு வந்தாங்க. பாலிடெக்னிக்ல டீச்சரு, அவங்கதான் குரூப்பை நடத்தறது. அடிச்சது தப்புங்கண்ணான்னு அரை மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தாங்க. எடுத்துப்போட்டு, வர்ற ஞாயித்துக்கெழமை ஒரு எடத்துக்குப் போகோணும், கூட வர்றீங்களாண்ணான்னு கேட்டாங்க. அவங்களுக்கும் ஆள் வேணுமில்லீங்களா. மேடம் ஞாயமாப் பேசிப் பாப்பாங்க. பேச்சு செல்லலைன்னா வேன்ல உக்காந்திருக்கற என்னைய ஒருக்காத் திரும்பிப் பாப்பாங்க. கூப்பிட மாட்டாங்க. பாக்கறதோட செரி. நான் எறங்கிப் போவேன். இன்னிக்கு என்னைய மிருகம்னு சொல்றாங்களே, அன்னிக்கெல்லாம் ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க.

பல்லடத்துக்கிட்ட ஒரு பண்ணை. மூணு வருசம் இருக்கும். மொசல் வளத்தா ஓகோன்னு ஆயிரலாம்னு எவனோ சொல்லி ஆரம்பிச்சிருக்கான், ஓடல, அப்பிடியே போட்டுட்டான். நூத்திச்சொச்சம் உசுரு. கம்பி வலை மேலயே நின்னு நின்னு பாதமெல்லாம் புண்ணாகி எலும்பு தெரியுது. மொசலுக்குப் பல்லு வளந்துட்டே இருக்குமுங்க, எதையாச்சும் கடிச்சுத் தேச்சுட்டே இருக்கோணும். ஒண்ணுக்குப் பல்லு வளஞ்சு மேத்தாடையைக் குத்திட்டு நிக்குது. நாலு கெடா மொசலை ஒரே கூண்டுல அடைச்சிருக்கான், ஒண்ணையொண்ணு வவுத்துக்கடியில கொதறி வெச்சிருக்குதுக. ஒரு தாய் மொசலு பயத்துல, போட்ட குட்டிகளைத் தானே தின்னுட்டு உக்காந்திருக்குது. நான் கூண்டுக் கதவைத் தொறந்தா அந்தக் கண்ணு என்னையப் பாக்குதுங்க. பாத்துட்டே இருக்குது. நான் அழுதுட்டேன் தம்பி. பொய்யில்லை. கொட்டாய்க்கு நடுவுல நின்னு அழுதேன்.

அப்பத்தான் பண்ணைக்காரன் மம்பட்டியைத் தூக்கிட்டு வந்தான். எங்க வேன் ஓட்டறது இம்தியாசுன்னு, மீன் தொட்டிக் கடை வெச்சிருக்கான், தங்கமான ஆளு. அவன் தோள்ல ஒரு போடு போட்டுட்டான். நான் மம்பட்டியைப் புடுங்கி, காம்பால பண்ணைக்காரன் முழங்கைக்குக் கீழ ஒண்ணு வெச்சேன். முருங்கைக் கொம்பு முறியற மாதிரி சத்தம் வந்துச்சு. விழுந்துட்டான். விழுந்தவனுக்கு வவுத்துல இன்னும் நாலு. மேடம்தான் போதும் போதும்னு என்ற சட்டையைப் புடிச்சு இழுத்தாங்க. இழுத்தாங்களே ஒழிய, அன்னிக்கு நூத்திப் பதினொரு மொசலை வேன்ல ஏத்தினது ஆராலன்னு அவங்களுக்குத் தெரியும்.

அன்னிக்குத்தான் மொசலு கத்தறதை மொதல்ல கேட்டேன். நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. அது வாயே தொறக்காதுங்க. அடிச்சாத் தொறக்காது, பட்டினி போட்டாத் தொறக்காது. இதோட உசுரு போயிரும்னு அதுக்குத் தோணுச்சுன்னா ஒருக்காக் கத்தும். கொழந்தை கத்தற மாதிரியே இருக்கும். நாங்க அடிச்சுக்கிட்ட சத்தத்துல ஒண்ணு அப்பிடிக் கத்திட்டுச் செத்துப் போச்சு. ஒரு வாரம் எனக்குச் சோறு எறங்கலீங்க.

அந்தப் பண்ணையில இருந்து ரண்டை நானே ஊட்டுக்குக் கொண்டுட்டு வந்தேன். தாரணிதான் பேரு வெச்சுது. காது கிழிஞ்சது சுக்கு. இன்னொண்ணு பட்டாணி. நான் தூக்கினா ரண்டும் அப்பிடியே அமைதியாயிரும் பாருங்க. மடியில மல்லாக்கப் போட்டா கையும் காலும் ஆடாது, கண்ணு மட்டும் தொறந்திருக்கும். பட்டறைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் காட்டுவேன். எவ்வளவு நம்பிக்கை பாருங்கடான்னு சொல்லுவேன். மேடம் ஒருக்கா அதைப் பாத்துட்டு, அப்பிடிப் போடாதீங்கண்ணா, அது செத்த மாதிரிக் கெடக்கறது பயத்துலன்னாங்க. படிச்சவங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு கருத்து இருக்கும்.

டிக்கெட் எடுத்துட்டீங்களா? இருங்க, நான் எடுக்கறேன். ரண்டு உடுமலைங்க. பரவால்ல, இருக்கட்டும்.

எனக்கு ஒரு வெசயம் நல்லா வருமுங்க. ஒரு மொசலோட காலைத் தொட்டுப் பாத்தாச் சொல்லிருவேன், அது தானா ஒடஞ்சுதா, ஆராச்சும் முறுக்கினதான்னு. எல்லாப் பயலும் ஒரே மாதிரிதான் சொல்லுவான், தானா எகிறிக் குதிச்சு விழுந்துருச்சுங்கன்னு. விழுந்த எலும்பு ஒரு மாதிரி ஒடையும், முறுக்கின எலும்பு வேற மாதிரி ஒடையும். நாலு விரலைப் பதிச்ச தடமே சில சமயம் இருக்கும். என்னைய ஏமாத்த முடியாது. ஆனா மனுசங்க கதை வேற. போன ஆடி மாசம் என்ற சம்சாரம் ரேணுகா குளியலறையில வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சு போச்சு. வழுக்கித்தானுங்க விழுந்தா. ஆஸ்பத்திரியில டாக்டரு ரண்டு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டாரு. அவளேதான் சொன்னா, வழுக்கிட்டேன்னு. நான் பக்கத்துலயேதான் நின்னுட்டிருந்தேன்.

அவங்களைக் கூட்டிட்டு வரத்தானுங்க இப்பப் போறேன். ரேணுகாவையும் தாரணியையும். அவங்கதான் கொமரலிங்கத்துல இருக்கறாங்க.

எப்பிடிப் போனாங்கன்னா, அதுக்குத் தழை வெச்சுப் பாக்கறதுன்னா என்னன்னு மொதல்ல உங்களுக்குத் தெரியோணும். இது நாங்களே கண்டுபுடிச்ச வித்தைங்க. ஒரு ஊட்ல மொசலை நல்லா வெச்சிருக்கறாங்களா இல்லியான்னு எப்பிடிக் கண்டுபுடிக்கறது? நாங்க வர்றோம்னு தெரிஞ்சாக் கூண்டைக் கழுவிப்போட்டு, புதுத் தண்ணி வெச்சுருவாங்க. அதனால தழை வெப்போம். மல்லித்தழைன்னா மொசலுக்கு உசுரு. கதவைத் தொறந்து விட்டு, தழையை நடு ஊட்ல வெச்சு, அந்த ஊட்டுக்காரனைப் பக்கத்துல ஒரு சேர்ல உக்கார வெச்சுருவோம். பத்து நிமிசம். ஆரும் பேசக் கூடாது. பயம் இருக்கற மொசலு எவ்வளவு பசியா இருந்தாலும் வாய் வெக்காதுங்க. வாயில எரை இருக்கறப்ப ஓட முடியாதுன்னு அதுக்குத் தெரியும். அவன் உக்காந்திருக்கறப்பவே வந்து தின்னுச்சுன்னா நல்ல ஊடு. அவனை வெளிய அனுப்பின பொறகு தின்னுச்சுன்னா, அப்பவே பொட்டியில போட்டு எடுத்துட்டு வந்துருவோம். எங்களுக்குள்ள பேச்சு வார்த்தையே கெடையாது. மனுசன் பொய் சொல்லுவான், தழை சொல்லாது.

அந்தக் குரூப்புல ரண்டு சட்டம் நான் போட்டது. தத்து எடுத்தவங்க வாரம் ஒருக்கா மொசலைப் போட்டோ எடுத்துக் குரூப்புல போடோணும், அது ஒண்ணு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு ஊட்லயும் தழை வெச்சுப் பாக்கோணும், நம்ம குரூப்பு ஆளா இருந்தாலும் விடக் கூடாது, அது ரண்டாவது. நாந்தான் மீட்டிங்குல எந்திரிச்சு நின்னு சொன்னேன். கை தட்டினாங்க.

எங்க ஊட்ல ஒழுங்கு இருக்கும் தம்பி. அதையும் சொல்லிப்போடறேன். நான் சாப்பிட்டுக் கை கழுவி எந்திரிச்ச பொறகுதான் ரேணுகா வட்டல் வெப்பா. கல்யாணமாகிப் பதினாலு வருசத்துல அவ மெல்றதை நான் பாத்ததில்லை. தாரணி சின்னதுல கூடவே உக்காந்து தின்னுட்டிருந்துச்சு. ஒருக்கா ரசத்தைக் கொட்டிப்போட்டுது. நான் வட்டலை எடுத்து வீசினேன், செவுத்துல பட்டுச்சு. புள்ள மேல படலீங்க. காதோரமா லேசா. ரண்டு தையல். அதுக்குப் பொறகு, எனக்குப் பசிக்கலீங்கப்பா, நீங்க சாப்பிடுங்கன்னு சொல்லிப் பழகிருச்சு. நான் பட்டறைக்குக் கெளம்பினாத்தான் அடுப்படியில தட்டு சத்தமே கேக்கும். இந்தக் காலத்துல எந்தப் புள்ளைக்குங்க இவ்வளவு மரியாதை தெரியுது?

ஒம்பது வாரத்துக்கு முந்தி, ஞாயித்துக்கெழமை காலையில பதினொரு மணி. மேடமும் இம்தியாசும் வந்தாங்க. எங்க ஊட்டு மொறை, தழை வெச்சுப் பாக்க. நானே முன்ன நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிட்டேன். மேடம் தாரணிக்குத் தேங்காப் பன்னு வாங்கிட்டு வந்திருந்தாங்க. அந்தப் புள்ளைக்குப் பதினோரு வயசு, பன்னுன்னா அப்பிடி ஆசை. கையில வாங்கிச்சு, என்னையப் பாத்துச்சு, மேசை மேல வெச்சுட்டு நின்னுக்கிச்சு.

தழையை வெச்சாங்க. நான் சேர்ல உக்காந்தேன். சுக்கும் பட்டாணியும் கட்டிலுக்கடியில. மேடம் வாட்சைப் பாக்கறாங்க. அஞ்சு நிமிசம். ஏழு. கட்டிலுக்கடியில மூக்கு மட்டும் ஆடுது, வெளிய வர மாட்டேங்குது. எனக்கு வேர்த்துப் போச்சு. புது ஆளு வாசம் அடிக்குது, அதனாலன்னு சொன்னேன். பேசக் கூடாதுங்கண்ணான்னாங்க. பத்து ஆச்சு. மேடம் நோட்டைப் பாத்துக்கிட்டே, சித்தெ வெளிய போயி நில்லுங்கண்ணான்னாங்க. என்ற ஊட்ல இருந்து என்னைய.

போனேன். தண்ணிக் கொழாய்கிட்ட நின்னு சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். அரை நிமிசம்கூட ஆகலீங்க. ரண்டும் வெளிய வந்துச்சு. ரேணுகா காலு மேலயே ஏறி எறங்கி வந்து தழையில வாய் வெச்சுது. கறுக்கு கறுக்குன்னு தின்னுது. அதைப் பாத்தாச் சிரிப்புதான் வந்துச்சு எனக்கு, திருட்டுப் பயலுகன்னு. அப்பறம் பாத்தா தாரணி. மேசையில இருந்த பன்னை எடுத்துத் தின்னுட்டிருக்குது. வேக வேகமா. மேடம் மொசலைப் பாக்கல. எம்பொண்ணைப் பாத்துட்டிருக்கறாங்க. பாத்துட்டு ரேணுகாகிட்டத் திரும்பி மெதுவாக் கேட்டாங்க.

"அக்கா, நீங்க சாப்ட்டீங்களா?"

ரேணுகா சொன்னா, "அவுரு சாப்பிட்டுப் போன பொறகுதானுங்க."

இதுல என்னங்க இருக்குது? நீங்களே சொல்லுங்க. சாதாரணமா எல்லார் ஊட்லயும் சொல்றதுதானே. மேடம் நோட்டை மூடிட்டாங்க. எழுதக்கூட இல்லை.

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. உள்ள போனேன். மொசலு ரண்டும் கட்டிலுக்கடியில ஓடிப் போச்சு. தாரணி மெல்றதை நிறுத்திருச்சு. வாயி நெறையப் பன்னு, கன்னம் ரண்டும் உப்பிக்கிட்டு நிக்குது, மெல்லவும் மாட்டேங்குது முழுங்கவும் மாட்டேங்குது, என்னையவே பாக்குது. முழுங்குன்னேன். முழுங்கல. வந்தவங்களுக்கு முன்னால என்னைய அவமானப்படுத்தறதுக்குன்னே நிக்குதுங்க. முழுங்குடின்னு தாடையைப் புடிச்சேன். புடிச்சதுதான், ஒண்ணும் பண்ணலை. அது கத்திருச்சு.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியுமுங்க. பல்லடத்துல கேட்டிருக்கேன். ஒரு நிமிசம் எந்த மொசலு கத்துச்சுன்னு கட்டிலுக்கடியில பாத்தேன்.

இம்தியாசு என்ற கையைப் புடிச்சான். ஆறு வருசம் கூட இருந்தவன், என்ற கையை. தூக்கி எறிஞ்சேன். சோகேசுக் கண்ணாடியில போயி விழுந்தான். கண்ணாடி ஒடஞ்சு கழுத்துல இருந்து தோள் வரைக்கும் கிழிச்சுருச்சு. தரையெல்லாம் ரத்தம். அந்த ரத்தத்துல வழுக்கினவனை ரண்டு மிதி மிதிச்சேன். மேடம் குறுக்க வந்தாங்க, தள்ளினேன், கட்டில் விளிம்புல நெத்தி மோதுச்சு. அப்பத்தான் அக்கம்பக்கத்துல இருந்து ஓடி வந்தாங்க. நாலு பேரு என்னையக் கீழ போட்டு முதுகு மேல ஏறி உக்காந்துக்கிட்டாங்க. அதுல ஒருத்தன் ஆரு தெரியுங்களா? எதுத்த மாடி மேனேசரு. பல்லுப் போனவன். ஆறு வருசம் காத்திருந்தான் போலிருக்குது.

நான் தரையில மூஞ்சி அழுந்திக் கெடக்கறேன். கண்ணுக்கு நேரா மேடம் மண்டி போட்டு உக்காந்து, கட்டிலுக்கடியில கையை நீட்டிச் சுக்கை எடுக்கறாங்க. நெத்தியில ரத்தம் வழியுது. சுக்கைப் பொட்டியில வெச்சாங்க. பட்டாணியை வெச்சாங்க. மூடினாங்க. வழக்கமாச் செய்யறதுதான். அப்பறம் ரேணுகாவைப் பாத்து, வாங்கக்கான்னு சொன்னாங்க. அவ்வளவுதான் பேச்சு. ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கெடையாது. இவ பொட்டியைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா. ஒடஞ்சு சேந்த கையாலயே தூக்கினா. புள்ளையைக் கையில புடிச்சுக்கிட்டா. காலுல செருப்பு இல்லை. போயிட்டா.

மொசலை எடுக்க வந்தவ எம்பொண்டாட்டி புள்ளையை எடுத்துட்டுப் போயிட்டா தம்பி. நான் சொல்லிக்குடுத்த மொறையிலயே.

வேன் சந்துல திரும்பறப்ப என்ற தலையைச் சித்தெ தூக்க முடிஞ்சுது. சன்னல்ல தாரணி தெரிஞ்சுது. அந்தப் புள்ள மென்னுட்டிருந்துச்சுங்க. வாயில வெச்சிருந்த பன்னை. அந்தத் தாடை மேலயுங் கீழயும் போறதை நான் பாத்தேன். ஒம்பது வாரமா ராத்திரி பகலு எனக்கு அதேதான் கண்ணுல நிக்குது.

போலீசு டேசன்ல எழுதி வாங்கிக்கிட்டாங்க, அவங்க இருக்கற பக்கம் போக மாட்டேன்னு. கையெழுத்துப் போட்டேன். போடச் சொன்னாப் போட வேண்டியதுதானே. எங்க இருக்கறாங்கன்னு ஆரும் சொல்லல. இம்தியாசு கடைக்கு ரண்டு தடவை போனேன். அவன் கழுத்துக் கட்டோட உக்காந்திருந்தான், மூணு மீன் தொட்டியை ஒடச்சும் வாயைத் தொறக்கல. மீனெல்லாம் தரையில துள்ளுச்சு. அதுகளுக்காகப் பாவமா இருந்துச்சு எனக்கு, பொறுக்கி ஒரு பக்கெட்டுல போட்டுக் குடுத்துட்டுத்தான் வந்தேன்.

குரூப்புல இருந்து என்ற நம்பரை எடுத்துட்டாங்க. ஆனா பட்டறை நம்பரு ஒண்ணு வேற பேருல உள்ளயே கெடந்துச்சுங்க. அது மேடத்துக்குத் தெரியாது. போன வெசாழக்கெழமை ஒரு போட்டோ வந்துச்சு. வாரம் ஒருக்காப் போட்டோ போடோணுமில்லீங்களா, என்ற சட்டம். இவ்வளவு மறைச்சவங்க அந்தச் சட்டத்தை மட்டும் மீறல பாருங்க. ஒரு மொசலு தழை தின்னுட்டிருக்குது. காது கிழிஞ்சிருக்குது. சுக்கு. அதுக்குப் பின்னால செவுத்துல ஒரு காலண்டரு. பெருசாக்கிப் பாத்தேன். ஏதோ மாவு மில்லு, கொமரலிங்கம், மாரியம்மன் கோயில் வீதின்னு போட்டிருக்குது. காலண்டருக்குக் கீழ ஒரு வட்டல். அதுல பாதி தின்ன தோசை. அந்தப் பக்கம் ஒரு சின்னக் காலு, கொலுசு போட்டிருக்குது. நான் வாங்கிக் குடுத்த கொலுசு.

அதனால போறேன். சண்டைக்குப் போகலீங்க. கேட்டு பூட்டியிருந்தா வெட்டறதுக்குத்தான் அந்தப் பையில இருக்கற கட்டரு, வேற எதுக்குமில்லை. ஆராச்சும் குறுக்க வந்தா அது வேற. உள்ள போயி நான் கத்த மாட்டேன். நடு ஊட்ல தழையை வெப்பேன். தாரணிக்குத் தேங்காப் பன்னு வாங்கியிருக்கேன், அதை வெப்பேன். ரேணுகாவுக்கும் ஒரு வட்டல் வெக்கச் சொல்லுவேன். பக்கத்துல சேரைப் போட்டு உக்காந்துக்குவேன். நாலு உசுரும் என்ற கண்ணு முன்னால தின்னோணும். தின்னுட்டா, நல்ல ஊடுன்னுதானே அர்த்தம்? மேடத்தோட கணக்குப்படியே கூட்டிட்டு வந்துரலாம். திங்கலைன்னா திங்கற வரைக்கும் உக்காந்திருப்பேன். எந்திரிச்சு மட்டும் வெளிய போக மாட்டேன். போன தடவை பண்ணின தப்பு அதுதானுங்க. வெளிய போயிருக்கக் கூடாது.

என்னுங்க தம்பி, எங்க எந்திரிக்கறீங்க? இது கோமங்கலமுங்க. உடுமலைன்னுதானே சொன்னீங்க, டிக்கெட்டும் எடுத்தாச்சு. உக்காருங்க. போன்ல என்ன, மெசேஜா? ஆருக்குங்க? அப்பறம் அனுப்பிக்கலாம், பேசிட்டிருக்கறப்ப எதுக்கு அது. உள்ள வையுங்க. ஆ, அப்பிடி.

மூஞ்செல்லாம் வேர்த்திருக்குது உங்களுக்கு. பசியாத்தான் இருக்கும். பொள்ளாச்சியிலயே பாத்தேன், நீங்க எறங்கி ஒண்ணும் சாப்பிடல. இந்தாங்க. தேங்காப் பன்னு ரண்டு வாங்கினேன், ஒண்ணு நீங்க எடுத்துக்கங்க. கூச்சப்படாதீங்க. கோயமுத்தூரு பேக்கரிதான், காலையில போட்டது. புடிங்க.

சாப்பிடுங்க.

கையிலயே வெச்சிருக்கறீங்களே. நல்லா இருக்குமுங்க. ஒரு வாய் கடிச்சுப் பாருங்க.

அட, என்னைய எதுக்குங்க பாக்கறீங்க, பன்னைப் பாருங்க. நான் எங்கயும் போகல, இங்கயேதான் உக்காந்திருக்கேன். உடுமலைக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்குது.

சாப்பிடுங்க தம்பி.